2'-5' ஒலிகோஅடினைலேட்டு சிந்தடேசும் நாட்பட்ட கல்லீரல் அழற்சி சி-யும்

2'-5' ஒலிகோஅடினைலேட்டு சிந்தடேசு (சுருக்கமாக ஓ.ஏ.எஸ்) என்பது தீநுண்மங்களுக்கு எதிராக உயிரணுக்கள் உருவாக்கும் நொதியங்களுள் ஒன்றாகும். மனிதரில் இதன் உற்பத்தியை இன்டர்பெரான் என்னும் புரதம் தூண்டுகிறது. கல்லீரல் அழற்சி சி நோய்க்கு இன்டர்பெரான் ஊசியே முதன்மை மருந்தாக இருந்த காலத்தில், அதாவது 1991 முதல் ஏறத்தாழ 2014 வரை, நோயாளியின் குருதியில் இந்நொதியத்தின் செயற்பாட்டை அளந்து மருந்து பலிக்குமா என முன்கூட்டியே அறிய முயன்றனர். கிடைத்த விடை எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. கல்லீரலில் இந்நொதியமும் இதனுடன் சேர்ந்து தூண்டப்படும் பிற புரதங்களும் ஏற்கெனவே மிகுந்திருந்த நோயாளிகளுக்கே மருந்து குறைவாகப் பலித்தது.

இந்நொதியம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. இன்டர்பெரானே இல்லாத கடற்பஞ்சுகளிலும் சில சிப்பியினங்களிலும் இது காணப்படுகிறது. எனவே, தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியில் உள்ள முத்துப் பார்களின் உயிரினங்களையும் மனிதக் கல்லீரலையும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாகக் காண இடமுண்டு.

கண்டுபிடிப்பு

1957 ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்சு, சான் லிண்டன்மன் ஆகிய இருவரும் இன்டர்பெரானைக் கண்டறிந்தனர். தீநுண்மம் தொற்றிய உயிரணுக்கள் ஒரு பொருளை வெளியிடுகின்றன என்றும், அப்பொருள் அண்டை உயிரணுக்களைத் தீநுண்மம் தாக்காமல் காக்கிறது என்றும் அவர்கள் காட்டினர். இன்டர்பெரான் தீநுண்மத்தை நேரடியாகத் தாக்குவதில்லை. அது எச்சரிக்கை மட்டுமே தருகிறது. எச்சரிக்கை பெற்ற உயிரணு என்ன செய்கிறது என்பது அடுத்த இருபது ஆண்டுகள் விளங்காமலேயே இருந்தது.

1978 இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த இயன் கெர், ரே பிரவுன் ஆகியோர் விடையின் ஒரு பகுதியைக் கண்டனர். இன்டர்பெரான் ஊட்டப்பட்ட உயிரணுக்களிலிருந்து பிரித்தெடுத்த நொதியம், ஏ.டி.பி மூலக்கூறுகளைக் கோத்து ஒரு சிறு சங்கிலியை ஆக்குவதையும், அச்சங்கிலி மிகக் குறைந்த செறிவிலேயே புரத உற்பத்தியை நிறுத்திவிடுவதையும் அவர்கள் விளக்கினர். வழக்கமான ஆர்.என்.ஏ-யில் ஓர் அலகின் 3' நிலையும் அடுத்த அலகின் 5' நிலையும் பிணைந்திருக்கும். இச்சங்கிலியிலோ பிணைப்பு 2' நிலையிலிருந்து 5' நிலைக்குச் செல்கிறது. நொதியத்தின் நீண்ட பெயரில் உள்ள எண்கள் இதனையே குறிக்கின்றன. சங்கிலி 2-5ஏ என வழங்கப்படுகிறது.

செயற்படும் முறை

ஓய்வு நிலையில் உள்ள உயிரணுவில் ஓ.ஏ.எஸ் சிறிதளவே இருக்கும். இன்டர்பெரான் வந்தபின் அதன் அளவு பன்மடங்கு பெருகும். எனினும் பெருகுவது மட்டும் போதாது. நொதியம் வேலையைத் தொடங்க ஈரிழை ஆர்.என்.ஏ தேவை. நலமான உயிரணுவின் திரவத்தில் நீண்ட ஈரிழை ஆர்.என்.ஏ அரிது, தீநுண்மம் தன்னைப் படியெடுக்கும்போது அது உண்டாகும். ஆகவே ஈரிழை ஆர்.என்.ஏ, அயலார் நுழைந்ததற்கான தடயமாக அமைகிறது. அது நொதியத்தின் மேல் படிந்தவுடன் நொதியத்தின் வடிவம் மாறி, ஏ.டி.பி-யைக் கோக்கும் இடம் திறக்கிறது.

உண்டாகும் 2-5ஏ, ஆர்.என்.ஏசு எல் என்னும் மற்றொரு நொதியத்துடன் பிணைகிறது. தனித்திருக்கும்போது செயலற்றிருக்கும் ஆர்.என்.ஏசு எல், 2-5ஏ பிணைந்ததும் இரண்டிரண்டாக இணைந்து ஒற்றையிழை ஆர்.என்.ஏ-க்களை வெட்டத் தொடங்குகிறது. யு-ஏ, யு-யு என அடுத்தடுத்து எழுத்துகள் அமைந்த இடங்களே அது பெரும்பாலும் வெட்டும் இடங்களாகும். இதில் தன்னது, பிறரது என்ற வேறுபாடு பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை. தீநுண்மத்தின் ஆர்.என்.ஏ-யோடு உயிரணுவின் சொந்த ரைபோசோம் ஆர்.என்.ஏ-யும் துண்டாகிறது. புரத உற்பத்தி நின்று, சில வேளைகளில் உயிரணுவே மடிகிறது. அண்டை வீடுகளைக் காப்பதற்காகத் தீப்பிடித்த கூரையை இழுத்துத் தள்ளுவதை ஒத்த செயல் இது.

துண்டுகளுக்கும் ஒரு பயன் உண்டு. கிருட்டிணமூர்த்தி மாலதி, இராபர்ட் சில்வர்மன் ஆகியோரின் குழு 2007 இல் வெளியிட்ட ஆய்வில், வெட்டப்பட்ட சிறு ஆர்.என்.ஏ துண்டுகள் உயிரணுவின் வேறோர் உணரியைத் தூண்டி மேலும் இன்டர்பெரானை உண்டாக்குவது காட்டப்பட்டது. கல்லீரல் அழற்சி சி தீநுண்மத்தின் ஆர்.என்.ஏ-யிலிருந்து வெட்டுண்ட ஒரு துண்டும் இவ்வாறே செயற்படுவதை 2010 இல் அவர்கள் தெரிவித்தனர்.

மனிதரில் ஓ.ஏ.எஸ் 1, ஓ.ஏ.எஸ் 2, ஓ.ஏ.எஸ் 3 என மூன்று நொதியங்கள் உள்ளன. ஓ.ஏ.எஸ் எல் என்னும் நான்காவது புரதம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் 2-5ஏ ஆக்கும் திறன் அற்றது. நான்கின் மரபணுக்களும் 12 ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளன.

முத்துப் பாரில் இந்நொதியம்

நொதியம் இன்டர்பெரானின் பணியாள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1995 இல் எசுத்தோனிய ஆய்வாளர்களும் செருமனியின் வெர்னர் முல்லரும் சேர்ந்து, சியோடியா சைடோனியம் என்னும் கடற்பஞ்சில் 2-5ஏ ஆக்கும் செயற்பாட்டைக் கண்டறிந்தபோது அக்கருத்து தளர்ந்தது. விலங்குகளுள் மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்று கடற்பஞ்சு. இன்டர்பெரானோ தாடையுள்ள முதுகெலும்பிகளில் மட்டுமே உண்டு. எனவே நொதியம் முந்தியது, அதனை ஏவும் இன்டர்பெரான் பிந்தியது என்பது தெளிவாயிற்று. பின்னர் மெல்லுடலிகள், வளையப் புழுக்கள் முதலியவற்றிலும் இதன் மரபணுக்கள் அறியப்பட்டன. கலிபோர்னிய ஆளி என்னும் இருவோட்டுச் சிப்பியின் நொதியம் உண்மையிலேயே 2-5ஏ ஆக்குவது 2014 இல் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டது.

மன்னார் வளைகுடாவின் பார்களில் இவ்விரு விலங்குக் கூட்டங்களும் அருகருகே வாழ்கின்றன. அவற்றின் உறவு எப்போதும் இணக்கமானதன்று. கிளையோனா என்னும் துளையிடும் கடற்பஞ்சு முத்துச்சிப்பியின் ஓட்டைக் குடைந்து அதனை நலிவுறச் செய்யும். 1902 இல் பேராசிரியர் எர்டுமன் இலங்கை முத்துப் பார்களில் திரட்டிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி 1905 இல் விரிவாக விவரித்துள்ளார். தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு 1955 இல் தொடங்கி 1961 இல் முடிந்தது. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு பெருகவில்லை. 1973 இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சுவாமி தலைமையில் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து ஆக்கப்பட்டது. 1981 இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கவும் வழி காணப்பட்டது.

முத்துச்சிப்பி நீரை இடைவிடாது உள்ளிழுத்து வடிகட்டி உண்பது. ஒரு மில்லிலீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ ஒரு கோடித் தீநுண்மத் துகள்கள் இருக்கக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாக்களையே தாக்குபவை என்றாலும், எதிர்ப்பொருளோ இன்டர்பெரானோ இல்லாத ஒரு விலங்கு இந்நீரில் வாழ்ந்து வருவது வியப்புக்குரியதே. தூத்துக்குடிச் சிப்பியின் இனமான பிங்டாடா பியுகேட்டாவின் மரபணுத்தொகுதி 2012 இல் சப்பானில் படித்தறியப்பட்டது. சிப்பிகளின் தீநுண்ம எதிர்ப்பைப் பற்றிய ஆய்வுகள் அதன்பின் எளிதாயின.

மீன் ஏலக்கூடத்தில் நிற்பவருக்கு இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. குருத்தெலும்பு மீனான திருக்கையின் உறவினங்களில் ஓ.ஏ.எஸ் உள்ளது. சாளை, சீலா, விளைமீன் போன்ற எலும்பு மீன்களின் கூட்டத்தில் அது இல்லை. அவற்றின் மூதாதைகள் எங்கோ வழியில் இம்மரபணுவை இழந்துவிட்டன. இன்டர்பெரானை வைத்துக்கொண்டு இந்நொதியத்தை மட்டும் இழந்தும் அம்மீன்கள் செழித்திருப்பது, ஓ.ஏ.எஸ் பல காவலர்களுள் ஒருவரேயன்றி ஒரே காவலர் அல்லர் என்பதைக் காட்டுகிறது. இச்செய்தி கீழே வரும் பகுதிக்குப் பெரிதும் தேவைப்படும்.

தீநுண்மம் தப்பிக்கும் வழிகள்

கல்லீரல் அழற்சி சி தீநுண்மம் 1989 இல் அடையாளம் காணப்பட்டது. இதற்காக ஆர்வி ஆல்டர், மைக்கேல் கவுட்டன், சார்லசு ரைசு ஆகியோருக்கு 2020 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தீநுண்மத்தின் மரபுப்பொருள் ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்ட ஒற்றையிழை ஆர்.என்.ஏ ஆகும். தொற்றியவர்களுள் நான்கில் மூவர் அளவினருக்கு அது தானே நீங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. இந்நிலையே நாட்பட்ட அழற்சி எனப்படுகிறது. இருபது முப்பது ஆண்டுகள் அறிகுறியின்றிக் கடந்து, பின்னர் ஈரல் இறுக்கமோ ஈரல் புற்றுநோயோ ஏற்படலாம்.

ஒற்றையிழை ஆர்.என்.ஏ கொண்ட ஒரு தீநுண்மம், அதனையே வெட்டும் நொதியத்தின் முன் எவ்வாறு நிலைக்கிறது? முதலாவதாக, தீநுண்மத்தின் என்.எசு 3/4ஏ என்னும் புரதம், இன்டர்பெரான் உற்பத்திக்கான செய்தியைக் கடத்தும் மேவ்சு என்ற புரதத்தையே அறுத்துவிடுகிறது. தொற்றிய உயிரணு கூக்குரல் இட இயலாமல் போகிறது. எனினும் கல்லீரலில் உள்ள பிற உயிரணுக்கள் இன்டர்பெரானை வெளியிடுவதால் ஓ.ஏ.எஸ் பெருகவே செய்கிறது. இரண்டாவதாக, என்.எசு 5ஏ என்னும் புரதம் ஓ.ஏ.எஸ் நொதியத்துடன் பிணைவதாக ஆய்வகச் சோதனைகள் கூறுகின்றன. மூன்றாவது வழி நுட்பமானது. 2002 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1 ஆம் மரபுவகைத் தீநுண்மங்களின் ஆர்.என்.ஏ-யில் யு-ஏ, யு-யு இடங்கள் 2, 3 ஆம் மரபுவகைகளைவிடக் குறைவாக உள்ளன. வெட்டும் இடங்கள் குறைந்தால் வெட்டுகளும் குறையும். இன்டர்பெரான் ஊசி பெற்ற நோயாளிகளிடம் தீநுண்மம் இவ்விடங்களை மேலும் இழந்து வந்ததும் அறியப்பட்டது.

1 ஆம் மரபுவகைக்கு இன்டர்பெரான் குறைவாகவும் 2, 3 ஆம் வகைகளுக்கு மிகுதியாகவும் பலித்தது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. அதற்கு மேற்கண்ட விளக்கம் அழகாகப் பொருந்துகிறது. ஆயினும் ஒரே மரபுவகை கொண்ட இரு நோயாளிகளுள் ஒருவர் குணமாக மற்றவர் குணமாகாததை அது விளக்குவதில்லை.

செயற்பாட்டை அளத்தலும் எதிர்பாராத விடையும்

1986 இல் அமெரிக்காவில் சே ஊப்நாகலும் அவர்தம் குழுவினரும் 10 நோயாளிகளுக்கு இன்டர்பெரான் கொடுத்துப் பார்த்தனர். அப்போது நோய்க்கு 'ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத' அழற்சி என்பதே பெயர். தீநுண்மம் இன்னும் கண்டறியப்படவில்லை. பெரும்பாலோருக்கு ஈரல் நொதிய அளவுகள் தணிந்தன. 1991 இல் இம்மருந்து அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. 1998 இல் ரிபாவிரின் மாத்திரை சேர்க்கப்பட்டது. 2001 இலிருந்து வாரம் ஒருமுறை போட்டால் போதுமான பெக்-இன்டர்பெரான் வந்தது. 1 ஆம் மரபுவகைக்கு 48 வாரமும் 2, 3 ஆம் வகைகளுக்கு 24 வாரமும் ஊசி போடப்பட்டது. முன்னவருள் ஏறத்தாழ பாதிப் பேரும் பின்னவருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வரும் குணமடைந்தனர். காய்ச்சல், உடல்வலி, குருதி அணுக்கள் குறைதல், தைராய்டு கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகியன பக்கவிளைவுகள். மருந்தின் விலையும் மிகுதி. பலிக்காது என முன்பே தெரிந்தால் ஓராண்டுத் துன்பத்தையும் செலவையும் தவிர்க்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

இதற்கு ஓ.ஏ.எஸ் பொருத்தமான அளவுகோலாகத் தோன்றியது. குருதியின் வெள்ளணுக்களைப் பிரித்து, ஈரிழை ஆர்.என்.ஏ-யும் ஏ.டி.பி-யும் சேர்த்து, உண்டாகும் 2-5ஏ-யை அளந்தால் நொதியச் செயற்பாடு தெரியும். ஊசி போட்ட ஓரிரு நாட்களில் அளவு ஏறும். மருந்து உடலில் சேர்ந்து வேலை செய்கிறது என்பதை இது ஐயமின்றிக் காட்டியது. ஆனால் குணமாவோரையும் குணமாகாதோரையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. சில ஆய்வுகள் தொடர்பு உண்டு என்றன, சில இல்லை என்றன. குருதியில் அளப்பது கல்லீரலில் நிகழ்வதன் நிழல் மட்டுமே என்பது ஒரு காரணம்.

கல்லீரல் திசுவையே எடுத்து ஆய்ந்தபோது நிலைமை தெளிந்தது. 2005 இல் கனடாவின் தொரண்டோவிலும் 2008 இல் சுவிட்சர்லாந்தின் பாசெலிலும் வெளியான ஆய்வுகளில், சிகிச்சைக்கு முன்பே இன்டர்பெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் மிகுந்து இயங்கியவர்களுக்கு ஊசி பெரும்பாலும் பலிக்கவில்லை என்பது தெரியவந்தது. இம்மரபணுக்களுள் ஓ.ஏ.எஸ் குடும்பமும் அடங்கும். அவர்களது கல்லீரல் நெடுநாளாகவே எச்சரிக்கை நிலையில் இருந்தது. அந்நிலையைத் தாங்கியே தீநுண்மமும் வாழப் பழகியிருந்தது. மேலும் யு.எசு.பி 18 போன்ற அடக்கும் புரதங்கள் பெருகி, இன்டர்பெரான் ஏற்பிகளைச் செவிடாக்கியிருந்தன. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றுவது போன்றதே இவர்களுக்குப் போடப்பட்ட ஊசி. சிகிச்சைக்கு முன் அமைதியாக இருந்த கல்லீரலோ ஊசி போட்டவுடன் விழித்தெழுந்தது.

2009 இல் 19 ஆம் நிறப்புரியில் ஐ.எல் 28பி மரபணுவுக்கு அருகே உள்ள ஓர் எழுத்து வேறுபாடு, சிகிச்சையின் பலனை வலுவாக முன்னறிவிப்பதாக அறியப்பட்டது. 2013 இல் அதன் பின்னணி விளங்கியது. சிலரது உடல் இன்டர்பெரான் லாம்டா 4 என்னும் புரதத்தை ஆக்கும், சிலரது உடல் ஆக்காது. ஆக்காதவர்களே தீநுண்மத்தை எளிதில் ஒழித்தனர்! இந்த நல்வாய்ப்பு வடிவம் கிழக்காசியரிடம் மிகப் பரவலாகவும் தெற்காசியரிடம் பெரும்பான்மையாகவும் ஆப்பிரிக்க மரபினரிடம் குறைவாகவும் காணப்படுகிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் 3 ஆம் மரபுவகையே மிகுதி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வுகளிலும் அதுவே முதலிடம் பெற்றது. 3 ஆம் வகையின் மிகுதி, சாதகமான மரபணு வடிவம் ஆகிய இரண்டும் சேர்ந்ததால் இன்டர்பெரான் காலத்தில் இந்திய நோயாளிகளின் வாய்ப்பு அமெரிக்க நோயாளிகளைவிட மேலானதாகவே இருந்தது எனலாம். ஆயினும் ஊசியின் விலை பலரை எட்டவிடவில்லை.

2013 திசம்பரில் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட சோபோசுபுவிர் மாத்திரை இந்நிலையை மாற்றியது. இது தீநுண்மத்தின் படியெடுக்கும் நொதியத்தையே நிறுத்துவதால், நோயாளியின் இன்டர்பெரான் எவ்வாறு இயங்குகிறது என்பது பெரிதும் பொருட்டன்று. அப்போது அங்கு ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலராக இருந்தது. 2014 செப்டம்பரில் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் அளிக்கப்பட்டபின் இந்தியாவில் விலை மிகப் பெரிதும் வீழ்ந்தது. 2018 சூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய தீநுண்மக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஈரல் இறுக்கம் இல்லாதவர்களுக்கு சோபோசுபுவிர், டக்ளட்டாசுவிர் ஆகிய மாத்திரைகள் 12 வாரம் தரப்படுகின்றன. இறுக்கம் உள்ளவர்களுக்கு டக்ளட்டாசுவிருக்குப் பதிலாக வெல்பட்டாசுவிர் சேர்க்கப்படுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

தமிழ்நாட்டில் மஞ்சட்காமாலை என்றாலே கீழாநெல்லி நினைவுக்கு வரும். 1988 இல் சென்னையைச் சேர்ந்த எசு. பி. தியாகராசன் குழுவினரும் நோபல் பரிசாளர் பரூக் புளூம்பெர்க்கும் கீழாநெல்லி பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு கல்லீரல் அழற்சி பி குறித்தது. அதன் முடிவைப் பின்வந்த சோதனைகள் பல உறுதி செய்யவில்லை. அழற்சி சி தீநுண்மத்தைக் கீழாநெல்லி ஒழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துத் தீநுண்மங்கள் என்பதால் ஒன்றன் மருந்து மற்றொன்றுக்கு ஆகும் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது. நாட்பட்ட அழற்சி சி-யில் மஞ்சள் நிறம் பெரும்பாலும் பிற்பட்ட கட்டத்திலேயே தோன்றும். அதுவரை காத்திருப்பவர் மாத்திரையால் எளிதில் குணமாகும் காலத்தை இழக்கக்கூடும்.

நோய் குருதி வழியே பரவுகிறது. சோதிக்கப்படாத குருதியை முன்னாளில் ஏற்றிக்கொண்டவர்கள், குருதிச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள், பிறர் பயன்படுத்திய ஊசியால் மருந்தோ போதைப்பொருளோ ஏற்றிக்கொண்டவர்கள் ஆகியோர் சோதித்துக்கொள்வது தேவையானது. முதற்சோதனை எதிர்ப்பொருளைக் காட்டும். எதிர்ப்பொருள் குணமானபின்னும் ஆண்டுக்கணக்கில் நீடிக்குமாகையால், தீநுண்மம் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ சோதனையே உறுதி செய்யும். மாத்திரை தொடங்குமுன் அழற்சி பி உள்ளதா என்றும் பார்க்கப்படும், ஏனெனில் சி நீங்கும்போது அடங்கியிருந்த பி தலைதூக்கலாம். அழற்சி சி-க்குத் தடுப்பூசி இல்லை. குணமானவருக்கு மீண்டும் தொற்றவும் கூடும்.

பிற்கால ஆய்வுகள்

மாத்திரையால் தீநுண்மம் நீங்கியவர்களின் கல்லீரலில், இன்டர்பெரானால் தூண்டப்பட்ட மரபணுக்களின் இயக்கம் தணிவது காணப்பட்டுள்ளது. நாட்பட்ட நோயில் ஓ.ஏ.எஸ் மிகுந்திருந்தது தீநுண்மம் அங்கு இருந்ததன் அடையாளமே என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஓ.ஏ.எஸ் மீதான ஆர்வம் 2021 இல் மீண்டும் எழுந்தது. கோவிட்-19 நோயின் கடுமையைக் குறைக்கும் ஒரு மரபணு வடிவம் ஓ.ஏ.எஸ் 1 இல் அறியப்பட்டது. இதனை ஐரோப்பியரும் ஆசியரும் நியாண்டர்தால் மனிதரிடமிருந்து பெற்றுள்ளனர். இவ்வடிவம் உள்ளவர்களிடம் நொதியத்தின் சற்று நீண்ட வகை மிகுதியாக உண்டாகிறது. அதன் நுனியில் சேரும் கொழுப்பு மூலக்கூறு, நொதியத்தை உயிரணுவின் உட்சவ்வுகளில் நிலைநிறுத்துகிறது. கோவிட் தீநுண்மம் படியெடுக்கும் இடமும் அச்சவ்வுகளே.